வெள்ளம் வடிந்த பிறகும் இறங்காத விலை

2011 செப்டம்பரில் நான் சொன்ன ஒரு யோசனையால், எங்கள் ஊர் நூலகத்தின் பழைய இதழ்களை மின்படியாக்கும் பணி ஓராண்டுக்கும் மேலாக நின்றுபோனது. கையில் இருந்த நன்கொடைப் பணத்தில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்குகள் ஒன்பது வாங்கியிருக்கலாம். இப்போதைக்கு மூன்று போதும், மீதிப் பணத்தை வங்கியில் வைத்திருந்து அடுத்த ஆண்டு வாங்கினால் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு இடம் கிடைக்கும் என்று நான் குழுவில் சொன்னேன். பொருளாளராக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "பொறுத்தால் விலை இறங்கும் பொருள் என்று ஒன்றை இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன், தம்பி" என்று வியந்தபடியே தீர்மானத்தில் கையெழுத்திட்டார்.

அன்று அந்த நம்பிக்கைக்குத் தக்க ஆதாரம் இருந்தது. 2007இல் ஹிட்டாச்சி நிறுவனம் உலகின் முதல் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கை 399 டாலர் விலையில் வெளியிட்டது. நான்கே ஆண்டுகளில் அதே கொள்ளளவு சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க் விலை இறங்கும் என்பது, ஆடி போனால் ஆவணி வரும் என்பதைப் போல எங்களுக்கு உறுதியான செய்தியாக இருந்தது. எங்கள் தேவையோ பெரிது. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் 25 மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். நூறு பக்க இதழ் ஒன்றுக்கு இரண்டரை ஜிகாபைட் என்றால், ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ நானூறு இதழ்கள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்ததால், வாங்கிய மூன்று டிஸ்குகளும் உண்மையில் ஒரு டிஸ்குக்குச் சமம்.

அந்த ஆண்டு தீபாவளி முடிந்த வாரத்தில் வேறு வேலையாக ரிச்சி தெருவுக்குப் போனபோது, அதே ஒரு டெராபைட் டிஸ்கின் விலையைக் கேட்டேன். ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. கடைக்காரர் சிறு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "சார், இது இப்போதைய ரேட்டு. சாப்பிட்டுட்டு வந்து கேட்டீங்கன்னா வேற சொல்லுவேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். அவர் சரக்கைப் பதுக்குகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அது தவறான எண்ணம். மொத்த வியாபாரியிடமிருந்து அவருக்கே அன்றைக்கு நான்கு டிஸ்குகள்தாம் வந்திருந்தன என்பது பிறகு தெரிந்தது.

அந்த விலை உயர்வின் உடனடிக் காரணம் தாய்லாந்து வெள்ளம். அந்த ஆண்டின் பருவமழையும் ஜூலை இறுதியில் தாக்கிய புயலின் மழையும் சேர்ந்து அணைகள் நிரம்பி, சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்டோபர் மாதத்தில் அயூத்தயா, பாத்தும் தானி மாகாணங்களில் ஏழு தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை உடைந்து மூழ்கின. ஹார்ட் டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலைகள் பாங் பா-இன், நவ நகோர்ன் என்ற இரண்டு பேட்டைகளில் இருந்தன. உலகில் விற்கும் ஹார்ட் டிஸ்குகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தாய்லாந்தில் தயாராயின. வெஸ்டர்ன் டிஜிட்டலைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ அறுபது சதவீதம்.

இந்த எண்களைப் படித்தபோதும் எனக்கு ஒரு செய்தி விளங்கவில்லை. போட்டியாளரான சீகேட்டின் தாய்லாந்து ஆலைகள் நீரில் மூழ்கவில்லை. அவர்களின் டிஸ்குகளுக்கு ஏன் தட்டுப்பாடு வரவேண்டும்? அதற்கான பதில், எங்களிடம் பழுதாகிக் கிடந்த ஒரு பழைய டிஸ்கைத் திறந்து பார்த்தபோதுதான் கிடைத்தது.

நட்சத்திர வடிவத் தலை கொண்ட திருகாணிகள் ஆறினைக் கழற்றி, லேபிளின் அடியில் மறைந்திருக்கும் ஏழாவதையும் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு இருக்கும். அதன் ஓரத்திலிருந்து நீளும் மெல்லிய கையின் நுனியில் எள்ளைவிடச் சிறிய ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதுதான், தகவலை எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட் இருக்கும் ஸ்லைடர். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் அது மிதக்க வேண்டும். தட்டின் நடுவில் இருப்பது மோட்டார். விரலால் சுற்றிவிட்டால் சற்றும் ஓசையின்றி, சற்றும் ஆடாமல் சுழலும். எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் இந்த மோட்டாரைச் செய்வதற்கு உலகில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களில் ஜப்பானிய நிறுவனமான நிடெக் மட்டுமே உலகத் தேவையில் ஏறத்தாழ முக்கால் பங்கைச் செய்தது. அதன் தாய்லாந்து ஆலைகளிலும் வெள்ளம் புகுந்தது. மோட்டார் இல்லாவிட்டால் மற்ற எல்லாப் பாகங்களும் இருந்தும் பயனில்லை. சீகேட்டின் ஆலை உலர்ந்த தரையில் நின்றாலும், அங்கே பொருத்துவதற்குப் போதிய பாகம் வந்துசேரவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஹெட், மோட்டார், தட்டு, மூடி ஆகியவற்றைச் செய்பவர்கள் ஒரே சமவெளியில், லாரியில் ஓரிரு மணி நேரத் தொலைவுக்குள் குவிந்ததால்தான் ஹார்ட் டிஸ்க் அந்த அளவுக்கு மலிவானது. சீகேட் 1983லேயே தாய்லாந்துக்கு வந்துவிட்டது. மற்றவர்களும் அரசின் வரிச்சலுகைகளையும் தேர்ந்த தொழிலாளர்களையும் நாடி வந்து சேர்ந்தார்கள். பாகங்களைக் கிடங்கில் சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்கு வரவழைத்தார்கள். மூவாயிரம் ரூபாய் விலையில் நாங்கள் மகிழ்ந்தபோது, அந்தக் குவிப்பின் பலனைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தோம். விலையை இறக்கிய ஏற்பாடும் வெள்ளத்தில் ஒரே அடியாக முடங்கிய ஏற்பாடும் ஒன்றே.

ஆயினும் வெள்ளம் என்ற காரணம் சில மாதங்களுக்குத்தான் பொருந்தும். பாங் பா-இன் ஆலைக் கட்டடத்துக்குள் ஏறத்தாழ ஆறடி உயரத்துக்கு நின்ற நீரை இறைத்து, நவம்பர் இறுதிக்குள் மின்சாரம் கொடுத்து, ஒரு கட்டடத்தில் மட்டும் உற்பத்தியைத் தொடங்கிவிட்டார்கள். மூழ்கிய ஓர் ஆலையை அத்தனை விரைவாக மீட்ட தொழிலாளர்களின் உழைப்பை நான் இன்றும் மதிக்கிறேன். 2012 நடுப்பகுதிக்குள் உலக உற்பத்தி பெருமளவு தேறிவிட்டது. நான் குறிப்பேட்டில் மாதந்தோறும் விலையை எழுதிவந்தேன். அதில் ஒரு டெராபைட்டின் விலை 2012 முழுவதும் பழைய நிலைக்கு வரவே இல்லை. ஒரு ஜிகாபைட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை வெள்ளத்துக்கு முந்தைய அளவைத் தொட 2013 இறுதியாகிவிட்டது. தண்ணீர் வடிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியும் விலை ஏன் இறங்கவில்லை என்ற கேள்விதான் என்னை நெடுநாள் விடாமல் தொடர்ந்தது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 ஆகஸ்ட் தொடக்கத்தில் 44 ரூபாய் அளவில் இருந்த டாலர், டிசம்பர் நடுவில் 54 ரூபாயைத் தொட்டது. இறக்குமதியாகும் எந்தப் பாகமும் வெள்ளம் இல்லாமலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலை ஏறியிருக்கும். ஆனால் அமெரிக்காவில் டாலரில் வாங்கியவர்களும் அதே இரண்டு ஆண்டுகள் தவித்தார்கள். தரவுகளைப் பாதுகாத்துத் தரும் பேக்பிளேஸ் நிறுவனம், உள்ளே பொருத்தும் டிஸ்குகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், சில்லறைக் கடைகளில் யுஎஸ்பி பெட்டியோடு விற்கும் டிஸ்குகளை ஊழியர்களையும் உறவினர்களையும் அனுப்பி வாங்கி, பெட்டியை உடைத்து டிஸ்கை எடுத்துப் பயன்படுத்தியது. ஆகவே ரூபாயின் சரிவு நமக்குக் கூடுதல் சுமையே தவிர, மூலக்காரணம் அன்று.

மூலக்காரணங்களில் ஒன்று, விற்பவர்களின் எண்ணிக்கை. 2011இன் தொடக்கத்தில் உலகில் ஹார்ட் டிஸ்க் செய்தவர்கள் ஐவர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், ஹிட்டாச்சி, தோஷிபா, சாம்சங். மழை தொடங்குவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் ஹிட்டாச்சியின் டிஸ்க் தொழிலை வாங்கப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டலும், ஏப்ரலில் சாம்சங்கின் டிஸ்க் தொழிலை வாங்கப்போவதாக சீகேட்டும் அறிவித்திருந்தன. 2012 மார்ச்சுக்குள் இரண்டு கொள்முதலும் நிறைவேறின. ஐவர் மூவரானார்கள். சீன அரசு இதனால் விலை ஏறும் என்று அஞ்சி, வாங்கிய நிறுவனங்களைச் சில ஆண்டுகள் தனித்தனியாகவே நடத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஐரோப்பிய ஆணையம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில ஆலைச் சாதனங்களை வேறொருவருக்கு விற்கச் சொன்னது. அவை தோஷிபாவுக்குப் போயின. இப்படி அரசுகளே கவலைப்பட்ட செய்தியை அந்த நாள்களில் நம் கடைத்தெருவில் யாரும் பேசியதில்லை. எல்லோரும் மழையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

மூவரே இருக்கும் சந்தையில் பழைய வேகத்தில் விலையைக் குறைத்து ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதைக் கணக்குகள் காட்டின. 2012 ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் சீகேட்டின் நிகர லாபம் 110 கோடி டாலருக்கு மேல். முந்தைய ஆண்டு அதே காலாண்டில் அது 9.3 கோடி டாலர்தான். நீரில் மூழ்கிய வெஸ்டர்ன் டிஜிட்டலின் லாபமும் 14.6 கோடியிலிருந்து 48.3 கோடி டாலராக உயர்ந்தது. சரக்கு குறைந்த சந்தையிலும் கூடுதலாக ஈட்ட முடியும் என்பதை அந்த நிறுவனங்கள் அந்த ஆண்டில் கண்கூடாகக் கண்டன. பெரிய கணினி நிறுவனங்களோ மறுபடியும் சரக்கு கிடைக்காமல் போய்விடக்கூடாதே என்ற அச்சத்தில், உயர்ந்த விலைக்கே நீண்டகால ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தங்கள் முடியும்வரை சில்லறைச் சந்தையில் மட்டும் விலை எப்படித் தனியாக இறங்கும்?

வாரண்டி குறைந்ததையும் விலை உயர்வாகத்தான் நான் கணக்கில் சேர்க்கிறேன். 2011 டிசம்பர் இறுதியில் சீகேட் தன் மேசைக்கணினி டிஸ்குகள் பலவற்றுக்கு வாரண்டியை ஓராண்டாகக் குறைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் சில வகைகளுக்கு மூன்றாண்டை இரண்டாக்கியது. எங்களைப் போல ஆண்டுக்கணக்கில் பாதுகாக்க வேண்டியவர்களுக்கு ஒரு டிஸ்கின் விலை என்பது அதன் ஆயுளையும் சேர்த்ததே.

இன்னொரு காரணம் தட்டின் மேலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்கின் விலை இறங்கிவந்தது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் ஒரு டிஸ்கைச் செய்யும் செலவு அதிகம் இறங்குவதே இல்லை. மோட்டார், கை, மின்சுற்றுப் பலகை, அலுமினியக் கூடு, பல மணி நேரச் சோதனை எல்லாம் 500 ஜிகாபைட் டிஸ்குக்கும் ஒரு டெராபைட் டிஸ்குக்கும் ஏறத்தாழ ஒரே செலவுதான். இறங்கியது ஒரு ஜிகாபைட்டின் விலை. அது இறங்க வேண்டுமானால், அதே தட்டில் கூடுதல் தகவலை அடைக்க வழி வேண்டும். காந்தப் படலத்தில் பிட்டுகளை, அதாவது தகவலின் மிகச் சிறிய அலகுகளை, படுக்க வைக்காமல் நிறுத்தி எழுதும் செங்குத்துப் பதிவு முறை 2005, 2006 வாக்கில் வந்தது. அதற்குப் பின்வந்த மலிவுக்கெல்லாம் அதுவே பெரிய துணை. 2011 அளவில் அந்த முறையும் தன் எல்லையை நெருங்கிவிட்டது. படலத்தில் உள்ள நுண்ணிய காந்த மணிகளை மேலும் சிறிதாக்கினால் சாதாரண வெப்பமே அவற்றின் காந்தத் திசையைப் புரட்டிவிடும், எழுதியது அழிந்துபோகும். வெப்பத்தைத் தாங்கும் உறுதியான பொருளை எடுத்தால், சிறிய ஹெட்டின் காந்தப்புலத்துக்கு அதில் எழுதும் வலிமை போதாது. எழுதும் கணத்தில் மட்டும் லேசரால் அந்தப் புள்ளியைச் சூடாக்கி எழுதுவது இதற்குத் தீர்வு என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தும், அது 30 டெராபைட் டிஸ்குகளாகச் சந்தைக்கு வருவதற்கு 2024 ஆகிவிட்டது.

சீகேட்டின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்த மார்க் கிரைடரும் சாங் சூ கிம் என்பவரும் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில், தட்டில் தகவலை அடைக்கும் அடர்த்தி ஆண்டுக்கு நாற்பது சதவீதம் கூடிவந்தால் 2020இல் இரண்டு தட்டுகள் கொண்ட 2.5 அங்குல டிஸ்க் 14 டெராபைட்டுக்கு மேல் கொள்ளும், அதன் விலை நாற்பது டாலர் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2020 வந்தபோது கடைகளில் கிடைத்த மிகப் பெரிய 2.5 அங்குல டிஸ்க் ஐந்து டெராபைட். விலையும் நாற்பது டாலருக்கு மிக மேல். துறையை உள்ளிருந்து அறிந்தவர்களே இட்ட கணக்கு அது. "வந்தால்" என்ற அந்த ஒரு சொல்லை நாம் எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகமான ராமின் விலை வரலாற்றிலும் இதே நிலைதான். 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிப்பு ஏற்பட்டது. அந்த ஆலை சிப் எதையும் செய்யவில்லை. சிப்புகளைப் பொதிந்து மூடப் பயன்படும் எபாக்சி பிசினைச் செய்தது. உலகின் தேவையில் பாதிக்கும் மேல் அங்கிருந்தே போனதால், தட்டுப்பாடு உண்மையில் வருவதற்கு முன்பே அச்சம் வந்து, சில வாரங்களில் ராம் விலை இரண்டு மடங்கு வரை ஏறியது. விலை நிற்பதற்குக் குற்றமும் காரணமாக இருந்ததுண்டு. 1999 முதல் 2002 வரை ராம் செய்யும் நிறுவனங்கள் தமக்குள் பேசி விலையை நிறுத்தி வைத்ததற்காக, அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும், இன்ஃபினியான் 16 கோடி டாலரும் அபராதம் கட்டின. எதிர்ப்பக்கமும் உண்டு: விலை அடிமட்டத்துக்கு இறங்கிய காலங்களில் ராம் செய்த நிறுவனங்களான ஜெர்மனியின் கிமோண்டா 2009இலும், ஜப்பானின் எல்பிடா 2012இலும் நொடித்துப்போயின. நாம் மகிழ்ந்து வாங்கிய மலிவு விலை இரண்டு போட்டியாளர்களைக் கரைத்துவிட்டது. இன்று உலகின் ராம் சிப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரின் கையில் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்காக, சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யும் அடுக்கு நினைவகத்தை இந்த மூவருமே செய்கிறார்கள். அதே அளவு கொள்ளளவுக்கு அது சாதாரண ராமைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் பரப்பை எடுத்துக்கொள்கிறது; லாபமும் அதில்தான் மிகுதி. 2025இன் பிற்பகுதியில் மேசைக்கணினி ராமின் விலை சில மாதங்களிலேயே பல மடங்கு ஏறியதற்கு வெள்ளமோ தீயோ தேவைப்படவில்லை. டிசம்பரில் மைக்ரான், 29 ஆண்டுகளாகச் சில்லறை வாங்குவோருக்கு விற்றுவந்த குருஷியல் என்ற தன் வணிகப்பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. என் போன்றோர் கையில் எடுத்து வாங்கும் வாடிக்கையாளராக இருந்த காலம் அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை முடிந்தது என்பதை வருத்தத்தோடு ஏற்கிறேன்.

எங்கள் ஊருக்கு மீண்டும் வருகிறேன். 2011இல் நிறுத்திய பணியை 2013 ஜனவரியில்தான், உயர்ந்த விலையைக் கொடுத்தே, மறுபடியும் தொடங்கினோம். இடையில் 2012 ஐப்பசி மழையில் நூலகத்தின் மேற்குச் சுவர் ஒழுகி, அந்த அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த 1940களின் மாத இதழ் கட்டு ஒன்று ஊறிப்போயிற்று. பிரித்தால் தாள் தாளாக வரவில்லை, கட்டியாக உடைந்தது. அந்த இதழின் அந்த ஆண்டுத் தொகுதி வேறெங்கும் இருப்பதாக இதுவரை எங்களுக்குத் தகவல் இல்லை. டிஸ்க் இருந்திருந்தால் அந்தக் கட்டு 2011 கார்த்திகையிலேயே ஸ்கேனருக்கு வந்திருக்கும். வரிசையில் அடுத்து இருந்தது அதுதான்.

சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் புதிய செயலாளர், "அண்ணா, ஆறு மாசம் பொறுத்தா ராம் விலை இறங்கிடுமா?" என்று கேட்டார். ஸ்கேன் செய்த படத்தில் உள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளுக்காக ஒரு கணினிக்கு ராம் கூட்ட வேண்டும். டிஸ்குகளும் வேண்டும், பெரிய டிஸ்குகளையும் இப்போது தரவு மையங்களே முதலில் எடுத்துக்கொள்கின்றன. புதிய சிப் ஆலை ஒன்று கட்டி முடிந்து முழு உற்பத்திக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும், விற்பவர் மூவரே, மூவருக்கும் வேறிடத்தில் கூடுதல் லாபம் கிடைக்கிறது என்று நான் அறிந்ததைச் சொன்னேன். 2011இன் தீர்மானத் தாளையும் என் விலைக் குறிப்பேட்டையும் மேசைமேல் வைத்தேன். தலைமையாசிரியர் ஐயா இப்போது இல்லை. அவருடைய கையெழுத்து அந்தத் தாளில் இருக்கிறது.

டிஸ்குகளை முழுவதும் இப்போதே வாங்குவதென்றும், ராமை இருப்பதைக் கொண்டு சமாளித்து எழுத்துணரி வேலையை இரவில் மெதுவாக ஓடவிடுவதென்றும் முடிவாயிற்று. மேற்குச் சுவர் அலமாரியில் எஞ்சியிருந்த பதினோரு கட்டுகளும் இப்போது ஸ்கேனருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நேற்று மாலை வரை மூன்றாவது கட்டில் பாதி முடிந்திருக்கிறது.